ரெபேக்காள் பற்றிய ஒன்பதாம் தீர்மானம்

பெரம்பலூர் வட்டார நூற்கருத்து மன்றத்தில் புத்தகம் படிப்பதற்கு யாரும் தடை சொன்னதில்லை. படிப்பது அவரவர் சொந்த விவகாரம். கருத்துதான் மன்றத்தின் விவகாரம். அதை மட்டும் அவர்கள் யாருடைய இஷ்டத்துக்கும் விட்டுவைத்ததில்லை.

மன்றத்தில் கருத்துகள் மூன்று தரமாக இருந்தன. புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் அச்சடித்த படிவத்தை நிரப்பித் தந்தால் அது சாதாரணக் கருத்து. கல்லூரி வாசலை மிதித்தவர்கள் வெள்ளைத்தாளில் எழுதித் தந்தால் சிறப்புக் கருத்து. இவற்றுக்கெல்லாம் மேலே ஆயுள் கருத்து. ஆயுள் கருத்தாளர் ஒரே ஒரு தடவை கருத்துச் சொன்னால் போதும், இனி எழுதப்படப்போகும் எல்லா நூல்களுக்கும் அது செல்லும். ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி ஒருவர் ஆறு வருடத்துக்கு முன் எந்தப் புத்தகத்துக்கோ "சமுதாயத்துக்குத் தேவையான நூல்" என்று சொல்லியிருந்தார். அதை ரப்பர் ஸ்டாம்பாக வெட்டி மேசையில் வைத்திருந்தார்கள். எந்தப் புது நூல் வந்தாலும் செயலாளர் வைத்திலிங்கம் முதல் காரியமாக அந்த ஸ்டாம்பை வாயால் ஊதி, உள்ளட்டையில் குத்திவிடுவார். ஒரு தடவை ரயில்வே கால அட்டவணையிலும் குத்திவிட்டார். அதுவும் தப்பென்று சொல்வதற்கில்லை.

பழனிவேலுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. எறையூருக்கு இரண்டு மைல் தள்ளி மூன்று ஏக்கரில் கரும்பு போட்டு ஆலைக்கு அனுப்புகிற சம்சாரி அவன். எட்டாவது வரை படித்தவன். அவன் மனைவி குஞ்சம்மாளுக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. திருச்சி டாக்டர் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷன் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். கரும்புக்காட்டில் கட்டுவிரியனை மண்வெட்டியால் போட்டுவிட்டு அதே கையோடு களை எடுக்கப் போனவள் குஞ்சம்மாள். ஆனால் டாக்டர் கையிலிருக்கும் சின்னக் கத்தியை நினைத்ததும் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவளுக்குப் பொழுது போகவேண்டுமே என்று பழனிவேல் தினமும் மத்தியானத்தில் ஏதாவது கதை படித்துக்காட்டுவான். மாமியார்க்காரி கடைசியில் மூக்குடைபடும் கதைகள் என்றால் அவளுக்கு உசிர். அப்படி ஒன்று தேடித்தான் அவன் மன்றத்துப் படிப்பறைக்குப் போனான்.

"குடும்பக் கதை எதாச்சும் இருக்குங்களா சார்? வூட்டுக்காரிக்கு ஒடம்பு சொகமில்ல. படிச்சுக் காட்டணும்."

"குடும்பக் கதையெல்லாம் பூட்டியாச்சு," என்றார் வைத்திலிங்கம். "இது கருத்து மாசம். இந்த மாசம் எல்லாரும் இந்த ஒரு புஸ்தகந்தான் எடுக்கணும். படிவம் உள்ள குத்தியிருக்கு. பத்து நாள்ல கருத்தோட திருப்பிடணும்."

அட்டையில் வெள்ளைக்கரடி ஒன்று ஒரு வெள்ளை அங்கிக்காரரைத் துரத்திக்கொண்டிருந்தது. 'உறைகடல் ஊழியம்' என்று போட்டிருந்தது. எழுதியவர் அரியலூர் போதகர் ஞானாபரணம்.

"இது என்னா கதைங்க?"

"கிறிஸ்தவ சாகசத் துப்பறியும் நாவல். வடதுருவத்துல, பனிக்கட்டிக்கு மேலயே நடக்குது. பிரமாதமா இருக்கும்."

"நீங்க படிச்சிட்டீங்களா சார்?"

வைத்திலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனை நிதானமாகப் பார்த்தார். "நான் செயலாளர்," என்றார்.

பழனிவேல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கி வந்தான்.

மூக்குடைபட மாமியார் யாரும் இல்லையென்றாலும் கதை குஞ்சம்மாளைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் தேவஇரக்கமும் அவர் மனைவி ரெபேக்காளும் அரியலூரிலிருந்து கிளம்பி, மருந்துப் பெட்டியும் வேதப் புத்தகமுமாக எஸ்கிமோக்களுக்கு ஊழியம் செய்யப் போகிறார்கள். பனிக்கு அடியில் புதைந்திருக்கும் ஏதோ உலோகத்துக்காக மூன்று ஒற்றர்கள் அவர்களைத் துரத்துகிறார்கள். நாய்கள் வண்டி இழுக்கின்றன. நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று பனியைப் பிளந்துகொண்டு தலைநீட்டுகிறது. சர்பத் வண்டியில் செதுக்கிப் போடும் பனிக்கட்டியைத் தவிர வேறு பனிக்கட்டியைக் கண்டறியாத குஞ்சம்மாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேட்டாள். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க படிங்க, அது வந்து போவும்," என்றாள். ரெபேக்காள் ஒற்றர் தலைவனை வாய்க்கு வாய் மடக்கிய இடத்தில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவ என்னாட்டமே இருக்கா பாருங்க. வாய்தான் ஜாஸ்தி. மனசு தங்கம்."

"வாய் இருக்கு, சரி," என்றான் பழனிவேல்.

தொண்ணூற்றாறாம் பக்கத்தின் அடியில் ஒற்றன் கயிற்றை அறுத்துவிட்டான். ரெபேக்காள் பனிப்பிளவுக்குள் விழுந்தாள். டாக்டர் விளிம்பில் குப்புறப் படுத்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். வெகுநேரம் கழித்து அடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "என் நேசரே, கவலைப்படாதீர். நான்…"

பழனிவேல் பக்கத்தைத் திருப்பினான்.

"…இரு பருக் கரணைகளாக வெட்டிச் சுண்ணாம்புக் கரைசலில் ஊறவைத்த பின்னரே நடவேண்டும். செவ்வழுகல் நோய் கண்ட கரணைகளைத் தீயிட்டுக் கொளுத்திவிட வேண்டும்."

"என்னாது?" என்று எழுந்து உட்கார்ந்தாள் குஞ்சம்மாள்.

அவன் திரும்பப் படித்தான். மேலே படித்தான். பாருக்குப் பார் விடும் வரிசை இடைவெளி, மேலுரம், காய்ந்த இலையான சோகை உரித்தல் என்று பதினாறு பக்கங்களுக்குக் கரும்பு சாகுபடி அமோகமாக நடந்தது. திருச்சியில் நாவலை அடித்த அச்சகமே கரும்புக்காரர்களுக்கான கையேடு ஒன்றையும் அடித்திருக்க வேண்டும். பைண்டு செய்கிற இடத்தில் ஒரு மடிப்பு கைமாறிவிட்டது. நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில் மறுபடியும் வடதுருவம் வந்தது. அதன் முதல் வரி: "டாக்டர் தேவஇரக்கம் கண்களைத் துடைத்துக்கொண்டு தேநீர் அருந்தினார்." அதன்பின் புத்தகம் முடிகிற வரைக்கும் ரெபேக்காளைப் பற்றிய பேச்சே இல்லை.

"எதுக்குங்க கண்ணத் தொடச்சான்? பொழச்சிட்டாளேன்னு தொடச்சானா, செத்துட்டாளேன்னு தொடச்சானா?"

"டீ குடிக்கிறானே புள்ள. பொழச்சிருப்பா."

"நான் செத்தாலும் நீங்க டீ குடிப்பீங்க."

"ஒடம்பு தேறட்டும்னு ஊருக்கு அனுப்பி வச்சிருப்பாங்க. அதான் அப்புறம் பேச்சில்ல," என்று சொல்லிப் பார்த்தான். குஞ்சம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பக்கமிருந்தே பேசினாள்.

"அவ பொழச்சாளான்னு தெரியாம நான் ஆசுபத்திரிக்கு வர மாட்டேன்."

"அது கதை புள்ள."

"கதைன்னா கதையாவே இருக்கட்டும். அம்மாம் பெரிய வாய்க்காரியே குழிக்குள்ள போயி வரலைன்னா, நான் எந்தத் தைரியத்துல மேசைமேல ஏறிப் படுப்பேன்?"

பழனிவேல் நாள் எண்ணிப் பார்த்தான். வியாழக்கிழமைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. புத்தகத்தில் இருந்த ஆசிரியர் விலாசத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டான். அப்புறம் மன்றத்துப் படிவத்தை எடுத்தான். 'நூலைப் படிக்குமுன் உமது கருத்து', 'படித்தபின் உமது கருத்து', 'இரண்டும் வேறுபட்டால் அதற்கான காரணம்' என்று கேட்டிருந்த இடங்களைத் தாண்டி, 'உம்மைக் கவர்ந்த பகுதி' என்ற இடத்தில் இப்படி எழுதினான்: "பக்கம் 97 முதல் 112 வரை. சுண்ணாம்பு விஷயம் வாஸ்தவம். ஆனால் பாருக்கு இரண்டரை அடி என்பது எங்கள் பக்கத்துக் களிமண்ணுக்குப் பத்தாது, மூன்று அடி வேண்டும். ரெபேக்காள் பிழைத்தாளா? தயவுசெய்து உடனே தெரிவிக்கவும்."

வைத்திலிங்கம் அந்தப் படிவத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு படிவக் கட்டை எடுத்து மேசையில் போட்டார்.

"இந்தா பாருய்யா. முப்பத்தொரு பேரு. முப்பத்தொரு பேரும் படிச்சுக் கருத்துக் குடுத்திருக்காங்க. 'விறுவிறுப்பு', 'பக்தி மணம் கமழ்கிறது', 'குளிர் எலும்பைத் துளைக்கிறது.' ஒருத்தரு கண்ணுலயும் கரும்பு படலை. உமக்கு மட்டும் எப்படிய்யா பட்டுச்சு?"

"நான் படிச்சேனுங்க."

"அவங்க மட்டும்?"

வைத்திலிங்கம் குரலைத் தணித்துக்கொண்டார். "நீரு என்ன பயிர் வெக்கிறீரு?"

"கரும்புங்க."

"ம்," என்றார் வைத்திலிங்கம். அந்த ஒரு எழுத்தில் போலீஸ் ஸ்டேஷனே அடங்கியிருந்தது. "கரும்பு போடுறவர் கைக்குப் போற வரைக்கும் இந்தப் புஸ்தகத்துல கரும்பு இல்லை. போயிட்டு வந்தா இருக்கு."

அப்படித்தான் கருத்து மாறுபாட்டு விசாரணைக் குழு கூடியது. மன்றத் தலைவர் அரங்கநாதன் நடுவில் உட்கார்ந்தார். மூன்று ரைஸ் மில்லுக்குச் சொந்தக்காரர். மன்றத்துக்கு அவர் போட்டுக் கொடுத்த மின்விசிறிகளில் எல்லாம் இறக்கைக்கு ஒன்றாக அவர் பெயர் எழுதியிருந்தது. இடப்பக்கம் வைத்திலிங்கம், வலப்பக்கம் பேராசிரியர் இராமலிங்கம். மன்றத்தின் சிறப்புக் கருத்துகளில் முக்கால்வாசி அவர் எழுதியவைதான். ஒரு நூலுக்கு நான்கு பெயர்களில் கூட எழுதித் தருவார்.

"நூலைச் சேதப்படுத்தினீரா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லீங்கய்யா. பதினாறு பக்கம் மாறிக் கெடக்கு. மத்தப் புஸ்தகத்தயும் பிரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

குழுவில் ஒரு சலசலப்பு எழுந்தது. பிரித்துப் பார்ப்பது என்கிற யோசனை அவர்களுக்கு முன்பு தோன்றியிருக்கவில்லை. அலமாரியில் இருந்த ஒன்பது பிரதிகளையும் கொண்டுவந்து பிரித்தார்கள். ஒன்பதிலும் கரும்பு செழிப்பாக வளர்ந்திருந்தது.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. நூல் அச்சிலிருந்து வருவதற்கு ஆறு வாரம் முன்னதாகவே, அதைப் பற்றிய கருத்துகளைத் தொகுத்து முந்நூற்று நாற்பது பக்கத்தில் 'கருத்துப் பேழை' என்று மன்றம் அடித்து வைத்திருந்தது. நாவலோ இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவில் பேழையை வெளியிட வேண்டும். அழைப்பிதழும் போய்விட்டது.

"நூல்ல தப்பு இருந்தா கருத்துல தப்பு இருக்குன்னு ஆயிரும்," என்றார் தலைவர். "கருத்துல தப்பு இருக்க முடியாது. அதுல என் பேரு இருக்கு."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். திறந்தபோது அதில் ஒளி இருந்தது. "இது தவறே இல்லைங்க. குறியீடு."

"அதைச் சொல்லுங்க முதல்ல," என்று வைத்திலிங்கம் பெருமூச்சு விட்டார்.

"ஐயா, அதெல்லாம் எப்படி வேணாலும் இருக்கட்டும்," என்றான் பழனிவேல். "ரெபேக்காள் பொழச்சாளா இல்லையான்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் போயிருவேன். வூட்டுல ஆபரேசன் கெடக்கு. அவ அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கா."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரு ரெபேக்காள்?" என்று தலைவர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குப் பழனிவேலை மேடையில் உட்கார வைத்தார்கள். சிறந்த வாசகருக்குச் சால்வை போடவேண்டும் என்பது மன்றத்தின் விதி. முப்பத்திரண்டு படிவங்களில் பக்க எண் என்று ஒன்றைக் குறிப்பிட்டிருந்தது அவனுடையது மட்டும்தான். விழா அழைப்பாக வந்த தபாலில் அவன் இரண்டு விஷயங்களைத்தான் பார்த்தான்: நூலாசிரியர் நேரில் வருகிறார், தனக்கு நன்றி சொல்ல ஒரு நிமிடம் தருகிறார்கள். போட்ட கார்டுக்குத்தான் பதில் வரவில்லை, எழுதினவரையே கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். குஞ்சம்மாள் படுத்தபடியே, துவைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, "பல்ல இளிச்சிக்கிட்டுச் சும்மா வந்துடாதீங்க. கேட்டுட்டு வாங்க," என்று அனுப்பினாள்.

போதகர் ஞானாபரணம் சிறிய உருவம். விழுப்புரத்துக்கு வடக்கே போயிராதவர். நாவலுக்காக அரியலூர் ரயிலடிப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததாகவும், மூன்றாம் நாள் சளி பிடித்துக்கொண்டதாகவும் முன்னுரையில் உண்மையை எழுதியிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலி பழனிவேலுக்கு வாய்த்தது.

"ஐயா, ஒரே ஒரு விஷயம்…" என்று அவன் ஆரம்பித்ததும் வைத்திலிங்கம் பின்னாலிருந்து தோளைத் தட்டினார். "மேடையில இருக்கிறவங்க தங்களுக்குள்ள பேசப்படாது. கண்ணியம்."

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே! இந்த நூலை நான் இதுவரை திறந்ததில்லை. ஏன்? திறந்தால் என் நடுநிலைமை கெட்டுவிடும். ஒரு நீதிபதி குற்றம் நடக்கும் இடத்தில் போய் நிற்கலாமா? இருபது வருடமாக இந்த மன்றத்தின் தலைவராக இருக்கிறேன். எந்த நூலும் என்னைப் பாதித்ததாக யாரும் விரல் நீட்டிச் சொல்லமுடியாது!"

கைதட்டல் அடங்கப் பேராசிரியர் எழுந்தார். "பனி எதைக் குறிக்கிறது? வெண்மையை. கரும்பு எதைத் தருகிறது? சர்க்கரையை. சர்க்கரை எது? வெண்மை! ஆக, வெண்மையிலிருந்து புறப்பட்டு வெண்மைக்கே வந்து சேர்கிறார் ஆசிரியர். நடுவே 'சோகை உரித்தல்' என்கிறாரே, அது வெறும் சோகையா? இல்லை! பாவத்தின் சோகை! உலக இலக்கியத்தில் வடதுருவத்தில் கரும்பு நட்ட முதல் படைப்பாளி நம் அரியலூர்க்காரர் என்பதை நான் ஆணித்தரமாகச் சொல்வேன்!"

போதகர் திடுக்கிட்டு மடியில் இருந்த புத்தகத்தைப் பிரித்தார். கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கென்று அச்சகம் அனுப்பியிருந்த பிரதி. பக்கங்களைத் தள்ளத் தள்ள அவர் முகம் வெளிறியது. உதடு அசையாமல் பழனிவேலிடம் கேட்டார்.

"தம்பி, இது எப்ப வந்துச்சு?"

"அச்சாபீசுலயே வந்துருச்சுங்க."

"நான் கரும்பப் பத்தி எழுதவே இல்லையே."

"தெரியுமுங்கய்யா. அந்தப் பதினாறு பக்கத்துல—"

"இவ்வளவு பேரு நல்லா இருக்குங்கறாங்களே," என்றார் போதகர் பரிதாபமாக. அதற்குள் வைத்திலிங்கம் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி மாலை போட அழைத்துப் போய்விட்டார்.

ஒன்பது பேர் பேசினார்கள். ஆயுள் கருத்தாளர் வரமுடியாததால் அவருடைய ஸ்டாம்பை ஒரு தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்கும் கைதட்டினார்கள். ஒருவழியாகப் பழனிவேலுக்குச் சால்வை விழுந்தது. மைக் கைக்கு வந்தது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குப் பேசத் தெரியாது. கரும்பு வந்த எடத்துல ரெபேக்காங்கற பொம்பள பனிக்குழியில விழுந்து கெடக்குது. அது பொழச்சுதா, இல்லையா? எங்க வூட்டுக்காரிக்கு வியாழக்கெழம ஆபரேசன். அதத் தெரிஞ்சிக்காம வரமாட்டேங்குறா. யாராச்சும் படிச்சவங்க சொல்லுங்க."

அரங்கில் படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; படித்தவர் யாரும் இல்லை.

போதகர் மெல்ல எழுந்திருக்கப் பார்த்தார். தலைவர் கையமர்த்தினார். "ஆசிரியர் ஏற்புரையில்தான் பேசலாம். ஏற்புரை பதினாலாவது நிகழ்ச்சி. இப்போது ஒன்பதாவதில் இருக்கிறோம். வாசகர் கேட்டிருக்கிறார், மன்றம் பதில் சொல்லியாக வேண்டும். கருத்து வேறுபாடு இருந்தால் வாக்கெடுப்பு."

செயற்குழுவில் பதினைந்து பேர். பேராசிரியர் இராமலிங்கம் முதலில் எழுந்து, அவள் சாகவேண்டும் என்றார். செத்தால்தான் காவியச் சுவை கூடும். உயர்நிலைப்பள்ளி ஆசிரியை லீலாவதியும் அதை ஆமோதித்தார். "பெண் தியாகம் பண்ணினால்தான் பாடப்புத்தகத்தில் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கிற கதாநாயகியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன கேள்வி கேட்பது?"

தலைவர் மறுத்தார். தன் தலைமையில் நடக்கும் விழாவில் ஒரு சாவு விழுவது மங்களகரமாக இல்லை என்று அவர் கருதினார். "பிழைத்தார் என்பவர்கள் கை தூக்கலாம்," என்று சொல்லித் தானே முதலில் தூக்கினார். மின்விசிறிகளின் இறக்கைகளை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பத்துப் பேர் தூக்கினார்கள். "இறந்தார் என்பவர்கள்?" இராமலிங்கம், லீலாவதி, பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்தார். மற்றவர் காபி கொண்டுவந்தவனைக் கூப்பிடத்தான் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் வைத்திலிங்கம் எண்ணிவிட்டார்; எண்ணியது எண்ணியதுதான்.

கடைசியில் பதினாலாவது நிகழ்ச்சி வந்தது. போதகர் மைக் முன்னால் வந்து நின்றார். கழுத்தில் நான்கு மாலை. கையில் மன்றத்தின் 'துருவச் செம்மல்' பட்டம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

"சகோதர சகோதரிகளே, மறைக்க விரும்பவில்லை. நூற்று மூன்றாம் பக்கத்தில் ரெபேக்காளை நான் அடக்கம் பண்ணிவிட்டேன். அழுதுகொண்டேதான் பண்ணினேன். இன்றைக்கு மன்றம் அவளை எழுப்பியிருக்கிறது. மரித்தவர்கள் எழுந்திருப்பது என் தொழிலில் புதிதல்ல. ஆனால் பதினொன்றுக்கு நாலு என்று எழுந்ததாக நான் வாசித்ததில்லை. பெரியவர்கள் சொல்லுகிறீர்கள். ஏற்றுக்கொள்கிறேன்."

பலத்த கைதட்டல். 'கருத்துப் பேழை' வெளியிடப்பட்டது.

பழனிவேல் படியிறங்கும்போது வைத்திலிங்கம் அவனைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. "தீர்மானம் எண் 9. 'உறைகடல் ஊழியம்' நூலின் கதாநாயகி திருமதி ரெபேக்காள் அவர்கள், பனிப்பிளவில் விழுந்த பின்னரும் உயிருடன் இருந்து வருவதாக இம்மன்றம் 11–4 என்ற வாக்குகளில் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

ஊர் போகிற பஸ்ஸில் அந்தத் தாளை அவன் பத்துத் தடவையாவது படித்திருப்பான். முத்திரையை மட்டும் காட்டிப் பிழைத்துவிட்டாள் என்று சொன்னால் ஆயிற்று. புத்தகத்தில் இருப்பது வேறு என்று குஞ்சம்மாளுக்குத் தெரியப்போவதில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தான்; சொல்லியும்விட்டான். ஆனால் பதினேழு வருடக் குடித்தனத்தில் அவளிடம் சொன்ன ஒரு பொய்யாவது ஒரு நாள் தாங்கியதில்லை.

மறுநாள் காலையிலேயே அவள் பிடித்துவிட்டாள்.

"சால்வ போட்டாங்களாமே. அதச் சொல்லும்போது சிரிச்சீங்க. அவ பொழச்சான்னு சொல்லும்போது மட்டும் ஏன் கூரையப் பாத்தீங்க?"

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நூற்று மூன்றாம் பக்கம், அடக்கம், வாக்கெடுப்பு, ஒன்றும் பாக்கியில்லை. சொல்லி முடித்து, இனி ஆபரேஷன் இல்லை என்று தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டான்.

குஞ்சம்மாள் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"செத்தவள ஓட்டுப் போட்டா எழுப்புனாங்க?"

"ஆமா புள்ள."

"அந்தச் சாமியாரும் சரின்னுட்டாரா?"

"சரின்னுட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குதே, ஐயோ வலிக்குதே," என்று சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு என்னவோ சட்டென்று நின்றது. தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த நாலு பேரு யாரு?"

"எந்த நாலு பேரு?"

"சாவட்டும்னு கை தூக்குனவங்க. அவ என்னா பாவம் பண்ணுனா அவங்களுக்கு? பனிக்குள்ள கெடந்து தவிக்கிறா ஒருத்தி. நாக்காலியில ஒக்காந்துக்கிட்டு, காப்பித்தண்ணியக் குடிச்சுக்கிட்டு, போவட்டும்னா தூக்குனாங்க? யாரு அவுங்க? பேரச் சொல்லுங்க."

"ஒருத்தரு இராமலிங்கம், புரபசரு. இன்னொன்னு லீலாவதி டீச்சரு. செத்தாத்தான் பாடத்துல வெப்பாங்களாம்."

"பொம்பளையா?" என்றாள் குஞ்சம்மாள். அவள் மூக்கு விடைத்தது. "ஒரு பொம்பளையா தூக்குனா? மத்த ரெண்டு பேரு?"

"தெரியல."

"அதத் தெரிஞ்சிக்காம வந்தீங்களா?" அவள் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டாள். பத்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்காதவள், மூலையில் கிடந்த துணிப்பையை உதறி இரண்டு சேலையை மடித்து வைத்தாள். டாக்டர் சீட்டையும் தீர்மானத்தையும் அதற்கு மேலே வைத்தாள். "வியாழக்கெழம மொத பஸ்ஸுக்கே போயிருவோம். போயிட்டு உசுரோட வந்து அந்த டீச்சரம்மாவ நேருக்கு நேரா நின்னு ஒரு வார்த்த கேக்கலைன்னா என் பேரு குஞ்சம்மா இல்ல. நீங்க அதுக்குள்ள பெரம்பலூர் போயி மத்த ரெண்டு பேரு யாருன்னு கேட்டுட்டு வந்துருங்க."

பழனிவேல் மறுபேச்சுப் பேசாமல் செவ்வாய்க்கிழமை மன்றத்துக்குப் போனான். வாக்களித்தவர்கள் பெயரை வெளியிடுவது மன்ற மரபுக்கு விரோதம் என்று வைத்திலிங்கம் சொன்னார். வேண்டுமானால் மனுக் கொடுக்கலாம். வருடாந்தரப் பொதுக்குழுவில் வைத்து, வெளியிடலாமா என்று வாக்கெடுப்பு நடத்துவார்கள்.

வியாழக்கிழமை சொன்னபடி ஆபரேஷன் நடந்தது. பட்டாணி அளவில் ஏழு கல். டாக்டர் ஒரு பாட்டிலில் போட்டுக் காட்டிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். பழனிவேல் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு இமை அசைந்தது. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. நர்ஸ் பஞ்சில் தண்ணீர் தொட்டு ஈரம் பண்ணினாள். குஞ்சம்மாள் கண்ணைத் திறந்து, விட்டத்தைப் பார்த்து, நர்ஸைப் பார்த்து, கடைசியில் அவனைக் கண்டுபிடித்தாள். கம்மிய குரலில் என்னவோ கேட்டாள். அவன் காதைக் கொண்டுபோனான்.

"மத்த ரெண்டு பேரு யாருங்க?"

"மனு குடுத்திருக்கேன் புள்ள," என்றான் பழனிவேல். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான்.

அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"குடுத்ததுக்கு ரசீது வாங்குனீங்களா?" என்றாள்.